முள்ளோடை

மஞ்சக்குப்பத்தில் ஏறினால்
முள்ளோடைக்கு அரை மணி.
சாவடியில் வண்டி மெதுவாகும்.
ஊர் திரும்பும்போதுதான்
பாட்டில் இருக்கிறதா என்று பையைத் துழாவுவார்கள்.
போகும்போது யாரும் எதையும் பார்ப்பதில்லை.
அந்த இடத்தில்தான் என் கை தாடைக்குப் போகும்.
பேருக்கேற்ற ஊர்.

புதுச்சேரியில் அந்தக் கட்டடத்துக்குக்
கீழே மதுக்கடை, மேலே தோல் மருத்துவம்.
இரண்டுக்கும் ஒரே வாசல்.
நான் அவர்களைப் பார்க்காத மாதிரி,
அவர்கள் என்னைப் பார்க்காத மாதிரி,
ஒதுங்கி வழிவிடுவார்கள்.
கீழே இருக்கிறவர்களைப் போல நாகரிகமானவர்களை
என் அலுவலகத்தில் பார்த்ததில்லை.

"தையல்நாயகி யாரு?"
வரவேற்பில் அந்தப் பெண் உரக்கக் கூப்பிட்டாள்.
தையல் என்றாலும் பெண்.
நாயகி என்றாலும் பெண்.
அப்பா இரண்டு தடவை சொல்லிவைத்தும்
தாடைக்குக் காது கேட்கவில்லை.

மின்கட்டணக் கண்ணாடிக்குப் பின்னால்
பதினாறு வருஷம்.
மீதிச் சில்லறையை எண்ணும்போது
எதிரே இருப்பவர் கண்
எங்கே இறங்குகிறது என்று எனக்குத் தெரியும்.
முகக்கவசம் போட்ட அந்த இரண்டு வருஷம்,
ஊரே மூச்சுக்குத் தவித்தபோது,
சொல்லக்கூடாது,
நான் மட்டும் நன்றாக மூச்சுவிட்டேன்.
கழற்றலாம் என்று ஆணை வந்த வாரம்
சீட்டைத் தள்ளி எடுத்தேன்.

ஜெசிந்தா சொன்ன முதல் விதி:
பிடுங்காதீங்கக்கா.
நூல் போடாதீங்க, மெழுகு வேண்டாம்.
வேர் உள்ள இருக்கணும். வேரைத்தான் அது தேடும்.
முந்தின ராத்திரி சவரம் மட்டும்.

இருபது வருஷம் கதவைத் தாழ்போட்டு
ஒவ்வொன்றாய்ப் பிடுங்கியவள் நான்.
கடையில் ரேசர் கேட்டேன்.
"சாருக்கா?" என்றான் பையன்.
ஆமாம் என்றேன்.
சார் அப்போது வீட்டில்
என் சீரியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கறுப்புக் கண்ணாடி மாட்டிவிடுவாள்.
குளிர்ந்த பசை.
அப்புறம், தாளிக்கும்போது கடுகு தெறிக்குமே,
அது. ஆனால் குறி பார்த்து, வரிசையாக.
மேலுதட்டில் மட்டும்
அழாமலே கண்ணீர் வந்தது.
பொசுங்கிய வாடை.
யாருடையது என்று ஒரு கணம் தேடினேன்.

வீட்டுக்குப் போனால் சிவந்திருக்கும்,
ஐஸ் வையுங்க, மஞ்சள் பூசாதீங்க,
வெயில் படவே கூடாது என்றாள்.
கடலூரில் இருக்கிறவளிடம்.
மூன்று மணி வண்டியில் வெயில் வலப்பக்கம் அடிக்கும்,
அதனால் இடப்பக்கம் உட்காருகிறேன்.
இத்தனை வருஷத்தில் இப்போதுதான்
கடல் அந்தப் பக்கம் இருக்கிறது என்று தோன்றியது.
தென்னையும் வீடுகளும் மறைக்கின்றன,
இருந்தாலும்.

எட்டாம் நாள் கறுப்பாய் முளைத்தது.
காசு போச்சு என்று குளியலறையில் உட்கார்ந்து அழுதேன்.
பன்னிரண்டாம் நாள்
துண்டில் துடைத்தபோது தானாய் வந்தது,
வேருமில்லாமல், வலியுமில்லாமல்.
உதிர்வதற்குத்தான் வெளியே வந்திருக்கிறது.
ஜெசிந்தா இதைச் சொல்லியிருந்தாள்.
நான்தான் கேட்கவில்லை.

மொத்தமாப் போயிடுமா என்று கேட்டதற்கு
டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.
குறையும். மெலியும். பிசிஓடி இருக்கு,
வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை வரவேண்டியிருக்கும்.
பொய் சொல்லியிருந்தால்
இன்னும் கொஞ்சம் பிடித்திருக்கும் அவரை.

ஆறாவது தடவை.
விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்துவிட்டு
ஜெசிந்தா சிரித்தாள்.
"நாலஞ்சு நரைச்சிடுச்சுக்கா.
இதுக்கு வெள்ளை கண்ணு தெரியாது. கறுப்பைத்தான் சுடும்."
அப்படியென்றால்?
"அது உங்களோட இருக்கும்."

திரும்பும்போது
முள்ளோடையில் வண்டி நின்றது.
காவலர் ஏறினார்.
பழக்கத்தில் கை மேலே போனது,
ஒன்றும் தட்டுப்படவில்லை,
அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.
"பையில என்ன?" என்றார்.
சன்ஸ்கிரீன் என்றேன்.
திறந்து மோந்து பார்த்தார்.